வரப்பில்லாத தட்டு

எனக்கு ஒரு குணம் உண்டு. தப்பு செய்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தத் தப்புக்கு நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அந்தக் காரணத்தைச் சரிசெய்ய ஊரெல்லாம் அலைவேன். அப்படி அலைந்து வாங்கியதுதான் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் செட். ஆறு தட்டு, ஆறு கிண்ணம், மூடியும் இரண்டு காதும் வைத்த பெரிய பாத்திரம் ஒன்று, குழம்பு ஊற்ற மூக்கு நீட்டிய ஜாடி ஒன்று. வருகிறவர்கள் "எங்க வாங்கினீங்க?" என்று கேட்டால் இப்போதெல்லாம் என் மனைவிதான் பதில் சொல்கிறாள். என்னைச் சொல்ல விடுவதில்லை.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிபோன நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். கிரகப்பிரவேசத்துக்கு மேலதிகாரிகள் நாலு பேர் வருவதாகச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் பட்டப்பகலிலேயே பிடித்தேன். அதிகாரிகளுக்குக் கீழே சாப்பாட்டு மேசையில் நுனி இலை போட்டு என் கையால் பரிமாறினேன். சொந்தக்காரர்களுக்கு மொட்டை மாடியில் பந்தல் போட்டு பஃபே. பாக்கு மட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு, ஊர் ஜனங்களையும் கூட்டிக்கொண்டு வந்த என் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் அந்த வரிசையில்தான் நின்றார்கள்.

அக்கா வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவேன். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயி. அதிகம் பேச மாட்டார். அன்று சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போய்விட்டார்கள். ஒரு வாரம் கழித்து உறவுக்காரர் ஒருவர் வழியாகச் செய்தி வந்தது. "இனிமே அவன் வூட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்று மாமா சொன்னாராம்.

கை நனைப்பது என்பதற்கு எங்கள் பக்கம் சாப்பிடுவது என்று மட்டும் அர்த்தம் சொல்லிவிட முடியாது. பெண் பார்க்கப் போகிறவர்கள் சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டைப் பற்றிக் குறைசொல்ல வாய் வராது. கை நனைக்க மாட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் உறவை அறுத்துவிட்டார் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். ஆறு வருடம் அப்படியே போனது. கல்யாணங்களில் பார்த்தால் "மழை உண்டா மாமா?" என்பேன். "ம்" என்பார். அக்கா மட்டும் டாக்டரைப் பார்க்கத் திருவண்ணாமலை வரும்போது எட்டிப் பார்ப்பாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "இப்பதான்டா துன்னுட்டு வந்தேன்" என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவாள். அவள் துன்னவில்லை என்று முகத்திலேயே தெரியும்.

இதற்கெல்லாம் காரணம் பாக்கு மட்டைத் தட்டு என்று நான் முடிவு செய்திருந்தேன். ஒருத்தருக்கு நுனி இலை, ஒருத்தருக்கு மட்டைத் தட்டு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கேட்டரிங்காரன்மேல் பழியைப் போட்டு ஆறு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன தை மாதம் அக்காவிடமிருந்து போன் வந்தது. அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. குலதெய்வத்துக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை தாய்மாமன் வீட்டுக்குத்தான் வைக்க வேண்டும். தாய்மாமன் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன், மாற்றுக்கு ஆள் இல்லை.

"ஞாயித்துக்கெழம வர்றோம்டா. அவரும் வர்றாரு" என்றாள்.

"சாப்பாடு செய்யட்டுமாக்கா?"

 அக்கா சொன்னாள். "செய்யி. துன்னுவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, அவரு உன் வூட்ல கை நனைக்கலன்னா நீ சபையில வந்து மூணாம் மனுசனாட்டம் நிக்கணும். என் பொண்ணுக்கு மாமன் மால போடறவன் அப்டி நிக்கறத என்னால பாக்க முடியாதுடா." அக்கா அழுகிறாள் என்று தெரிந்தது. சாதாரண மனிதனாக இருந்தால் அன்றே கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறி மாமா காலில் விழுந்திருப்பான். நான் நல்ல தட்டு தேடக் கிளம்பினேன்.

கிரிவலப் பாதைப் பக்கம் வருடக்கணக்கில் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு வயதான அம்மாள் காலிசெய்கிறாள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். போனேன். அவள் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் காகிதம் பிரித்து எடுத்து வைத்தபோது எனக்கு வாயடைத்துவிட்டது. அத்தனையும் பால் வெள்ளை. தட்டின் அகலமான விளிம்பைச் சுற்றி இலைமாலை ஒன்று மேலெழும்பிய வேலைப்பாடாக ஓடியது. நாலு இடத்தில் நாடா முடிச்சு, கடைசி ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு. மூடி வைத்த பாத்திரம் பழங்காலத்துக் கிரேக்கச் சிலைகளின் பக்கத்தில் இருப்பதுபோல, கீழே குறுகிய கால், நடுவே பருத்த வயிறு, மேலே குமிழ் என்று நின்றது.

அவள் அதைக் காட்டி "நியோகிளாசிக்கல்" என்றாள். என் காதில் "நியூ கிளாஸ்" என்றுதான் விழுந்தது. "எஸ், எஸ். வெரி நியூ" என்று தலையாட்டினேன். அது அவளுடைய அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த செட் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். அதற்கும் தலையாட்டினேன். பிறகு எச்சரிக்கைகள். தங்கம் போய்விடும், அதனால் கொதிக்கிற சூடு கூடாது, தேய்க்கக் கூடாது, புளிப்பு கூடாது. புளியும் சூடும் கூடாது என்றால் எங்கள் சமையலில் பாக்கி இருப்பது தயிர்ச்சோறு மட்டும்தான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, இதில் என்ன பரிமாறுவீர்கள் என்று அவள் கேட்டதற்கு "சூப்" என்றேன். எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால்கூட சூப் வைப்பதில்லை.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவா, மெதுவா" என்று நான் கத்தியதில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், கொழந்தையா?" என்றார்.

வீட்டில் மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பி, "பாத்தியா? நியூ கிளாஸ்" என்றேன்.

"கிளாஸா? பீங்கான் மாதிரி இருக்குதுங்க" என்றாள் மனைவி. தொட்டுப் பார்த்தாள். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது, அதை மறைக்க முடியவில்லை. ஆனால் மூக்கு நீட்டிய ஜாடியை எடுத்ததும் சிரித்துவிட்டாள். "இது சங்கு மாதிரி இல்ல? கொழந்தைக்குப் பால் ஊத்தறது? யாருங்க இவ்ளோ பெரிய கொழந்தை?" அடுத்து மூடி வைத்த பாத்திரத்தைப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "ஏங்க, இது அஸ்தி கரைக்க எடுத்துட்டுப் போற கலசமாட்டம் இருக்குது. கல்யாணப் பத்திரிகை வைக்க வர்றவங்க முன்னாடி இதையா வைக்கறது?"

"இது ஐரோப்பியக் கலை. உனக்குப் புரியாது" என்றேன். எனக்குப் புரிந்ததா என்று அவள் கேட்கவில்லை. நல்ல மனசு.

"பேசாம எலை போட்டுடலாங்க. மார்க்கெட்ல நுனி எலையா வாங்கிட்டு வாங்க" என்றாள். "எலை எல்லாரும் போடுவாங்க. மாமாவுக்கு நாம குடுக்கற மரியாதை தெரிய வேணாமா?" என்றேன். "அண்ணனுக்குத் தட்டு மேலதான் கோவம்னு யாரு சொன்னது?" என்றாள். மாமாவை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் கேள்விக்கு அங்கேயே நின்று யோசித்திருக்கலாம். நான் செல்போனில் மேசை அலங்கார வீடியோ பார்க்கப் போய்விட்டேன். விளிம்பு வேலைப்பாடு எப்போதும் வெளியே தெரிய வேண்டும், உணவை நடுவில் கொஞ்சமாக வைக்க வேண்டும் என்று அதில் ஒரு பெண் சொன்னாள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, பூ, மஞ்சள் தடவிய பத்திரிகை. நானும் மனைவியும் சேர்ந்து நின்று வாங்கிக்கொண்டோம். மாமா புது வேட்டியில் வந்திருந்தார். தலை நிறைய நரைத்திருந்தது. ஆறு வருடத்தில் அந்த நரையை நான் கவனிக்கவே இல்லை என்று சுருக்கென்றது. "குடும்பத்தோட முன்னாடியே வந்துரணும்" என்று பொதுவாகச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன்.

"ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போலாங்கண்ணா" என்று மனைவிதான் கேட்டாள்.

 மாமா எழுந்து கை கழுவிவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தார். அக்கா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

"இன்னா மச்சான், ஆஸ்பத்திரியாட்டம் ஒரே வெள்ளையா இருக்குது" என்றார் மாமா. எனக்கு அது போதுமானதாக இருந்தது. இது நியூ கிளாஸ் என்றேன். இலைமாலையைக் காட்டி அது ஒலிவ இலை என்றேன். "வேப்பெல மாதிரிதான் இருக்குது" என்றார். இருபத்துநாலு கேரட் தங்கம் என்றேன், அது எனக்கே தெரியாது. இதற்குள் அக்கா சாம்பார் வைத்திருந்த கலசத்தைப் பார்த்து முகம் மாறி, என் மனைவியின் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேருமாக அதைச் சமையலறைக்குள் தூக்கிக்கொண்டு போய், எவர்சில்வர் வாளியில் சாம்பாரோடு வந்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வாளி வந்ததே ஒழிய, கரண்டியை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. வீடியோக்காரி சொன்னபடி சோற்றை நடுவில் சின்னக் குவியலாக வைத்தேன். இலைமாலை நன்றாகத் தெரிந்தது. சாம்பார் முடிந்து, ரசத்தை அந்தச் சங்கு ஜாடியால் ஊற்றியபோது அது தட்டின் தட்டையான விளிம்புவரை ஓடி, மாமாவின் புது வேட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தது. மாமா விறுவிறுவென்று சோற்றை இழுத்து ஓரத்தில் அணை கட்டினார். "இதுக்கு வரப்பே இல்லியே மச்சான். தண்ணி எப்டி நிக்கும்?" என்றார். என் மனைவி சிரித்தாள். அக்கா சிரித்தாள். மாமாவும் லேசாகச் சிரித்தார். நான் மட்டும் சிரிக்காமல், ரசம் சூடாக இருந்ததே, தங்கக் கோடு என்ன ஆயிற்று என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சின்னக் குவியல் தீர்ந்தது. மாமா சற்று நேரம் காத்திருந்தார். நான் அப்போது அந்த வெளிநாட்டு அம்மாளுடைய அம்மாவின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா தம்ளரை எடுத்து மிச்சத் தண்ணீரைக் கொஞ்சம் குடித்தார். பிறகு தட்டின்மேல் வலக்கையை நீட்டி, இடக்கையால் தம்ளரைச் சாய்த்தார். எங்கள் பக்கம் பெரியவர்கள் சாப்பிட்ட தட்டிலேயேதான் கை கழுவுவார்கள். என் அப்பா அப்படித்தான் கழுவினார். எவர்சில்வர் தட்டில் நானும் அப்படித்தான் கழுவுகிறேன்.

"ஐயோ மாமா! கை நனைக்காதீங்க!" என்று கத்தினேன்.

தட்டில் கை கழுவாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். வாஷ்பேசின் அங்கே இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். தமிழில் எத்தனையோ வார்த்தைகள் இருக்கின்றன. ஆறு வருடம் கழித்து என் வீட்டில் கை நனைக்க வந்த மனிதரைப் பார்த்து அந்த வார்த்தைதான் என் வாயில் வந்தது. அதோடு விடாமல் தட்டையும் என் பக்கம் இழுத்துவிட்டேன்.

மாமாவின் கை எச்சிலோடு அந்தரத்தில் நின்றது. தம்ளரை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"ஆறு வருசமா நனைக்க மாட்டேன்னு நான் சொன்னேன்" என்றார். "இன்னிக்கு நனைக்காதேன்னு நீ சொல்ற. சரியாப் போச்சு மச்சான்." எழுந்திருக்க நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

உளறினேன். "மாமா, அப்டி இல்ல மாமா. அன்னிக்கு உங்களுக்கு பாக்கு மட்டத் தட்டுல சோறு போட்டுட்டோமேன்னு மனசு கேக்காமத்தான் இதையே வாங்கினேன்…"

மாமா பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "மட்டத் தட்டா? அதுல இன்னா இருக்குது? நம்ம வூட்டு விசேசத்துக்கெல்லாம் அதுலதான போடறோம்."

"அப்ப எதுக்கு மாமா கோவிச்சுக்கிட்டுப் போனீங்க?"

அக்காதான் சொன்னாள். சுவரில் சாய்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "மாடியில சோறு தீந்துபோச்சுடா. வேன்ல வந்தவங்களை எல்லாம் முன்னாடி வுட்டு, அவங்க துன்னட்டும்னு இவரு கடைசியா நின்னாரு. அண்டாவுல ஒண்ணும் இல்ல. இன்னும் பத்து பேரு நிக்கறாங்க, உன்கிட்ட சொல்லலாம்னு கீழ எறங்கி வந்தாரு. நீ கதவாண்ட இவரைப் பாத்துட்டு, அப்பறம்னு கையைக் காட்டிட்டு கதவைச் சாத்திட்டே. பஸ் ஸ்டாண்டுல டீயும் பன்னும் துன்னுட்டுதான்டா போனோம்."

"சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"இன்னான்னு சொல்றது?" என்றார் மாமா. "சோறு கேட்டு வாங்கற வூடா இது?"

எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று எழுதினால் பொய். ஞாபகம் இருந்தது. ஒரு கையில் பாயச வாளி, இன்னொரு கையை உயர்த்திக் காட்டினேன். கதவிடுக்கில் மாமாவின் முகம். போய்வருகிறேன் என்று சொல்ல வந்தார் போலிருக்கிறது என்று அன்றைக்கே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த முகத்தை மறைக்கத்தான் ஆறு வருடமாக மட்டைத் தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்துமூன்று வயதில் சாப்பாட்டு மேசை ஓரத்தில் நின்று மூக்கை உறிஞ்சினேன். ஒரு கையில் எச்சில் தட்டு வேறு.

மாமா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடியும் உட்கார்ந்தார். "வுடு. தட்டை இப்டி வை" என்றார். வைத்தேன். "இன்னிக்கு சோறு இருக்குதுல்ல?"

"இருக்குது மாமா."

"அப்ப போடு. நீ வெச்ச சோறு பல்லுக்கே பத்தல."

சமையலறைக்கு ஓடிப்போய்ச் சோற்றுப் பாத்திரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன். போட்டேன். அவர் போதும் என்று சொல்லவில்லை, கையையும் குறுக்கே நீட்டவில்லை. இன்னும் போட்டேன். விளிம்பு மறைந்தது, இலைமாலை எங்கே போனதென்றே தெரியவில்லை. கடைசியில் அக்காதான் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "டேய், அவருக்கு சுகர் ஜாஸ்தி. போதும் வுடு." மாமா அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. காரக்குழம்பு கேட்டார். எரிகிற சூட்டில், புளிக்கப் புளிக்க இருந்தது. ஊற்றினேன். தலை நிமிராமல் சாப்பிட்டார். பாதியில், "நீயும் ஒக்காந்து துன்னு" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். என் மனைவி அவளுக்குப் பரிமாறினாள்.

சாப்பிட்டு முடித்ததும் மாமா நாகரிகமாக எழுந்து வாஷ்பேசினைத் தேடினார். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்து, சொம்பை எடுத்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினேன். தட்டிலேயே கழுவினார். நிதானமாக, ஒவ்வொரு விரலாகக் கழுவினார்.

"வயிறு நெறைஞ்சுதா மாமா?" என்று கேட்டேன்.

"நெறைஞ்சுது மச்சான்" என்றார்.

அக்காவைக் கட்டிக்கொடுத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அவரிடம் இந்தக் கேள்வியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை என்பது, கேட்டு முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.